கவிழ்த்த சீட்டு

லவோன் எட்செகரே இருபத்திரண்டு வருஷமாக அமெரிக்காவின் ரீனோ ஊரில் சீட்டுப் போடுகிறவள். மற்ற சூதாட்டக் கூடங்களில் ஆறு கட்டுச் சீட்டைப் பெட்டிக்குள் அடைத்து ஒவ்வொன்றாக உருவிப் போடுவார்கள். அதைப் பச்சைக் குழந்தைகூடச் செய்யும். அவள் வேலை பார்த்த சில்வர் ஸ்டிரப்பில் இன்னும் ஒரே கட்டுதான், அதுவும் கையில் வைத்து வீசுவதுதான். ஆட்டம் இருபத்தொன்று: அந்த எண்ணைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவருக்கு ஜெயிப்பு, தாண்டினால் தோல்வி. தனக்கு விழும் இரண்டு சீட்டில் ஒன்றைத் திறந்து வைத்து, மற்றதைக் கவிழ்த்தபடியே அதன் அடியில் சொருக வேண்டும். அந்தக் கவிழ்த்த சீட்டு எதிரே இருப்பவன் கண்ணில் பட்டுவிட்டால் கூடத்தின் பிழைப்பில் மண் விழும். தன் சீட்டை இதுவரை ஒருத்தனும் பார்த்ததில்லை என்பதில் லவோனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் அல்ல.

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அவளை மேசையிலிருந்து எழுப்பி, சமையலறைக்குப் பின்னால் இருந்த காவல் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஆர்வில் ஸ்டக்கி உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் நிலம் அளந்து ஓய்வுபெற்றவர், எழுபத்தெட்டு வயது. முதுகு அப்படிக் கூனிவிட்டது, உட்கார்ந்தால் மோவாய் மேசை விளிம்பைத் தொடும். மூன்று நாளாக லவோனின் மேசையில்தான் ஆடினார், மூன்று நாளும் ஜெயித்தார். இப்போது அவர் கையில் விலங்கு. காது கேட்பதற்காக மாட்டியிருந்த மிஷினைக் கழற்றி, அவருடைய செல்போனோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்கள். கூடத்துக்காரன் கூரை முழுக்கக் கேமரா மாட்டி ஆளைக் கவனித்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு. ஆட வந்த கிழவன் காதில் பட்டாணி அளவு மிஷின் இருந்தால் அதற்குப் பெயர் கருவி. ஊர் நியாயம் அப்படி.

சுவரோரம் கூடத்தின் காவல் தலைவன் பிரெண்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேசைக்குப் பின்னால் இருந்தவள் மாநிலச் சூதாட்டத் துறையின் விசாரணை அதிகாரி, கார்லா ஹாஸ்கெல்.

"மூணு நாள் படத்தையும் பாத்துட்டேன்," என்றாள் ஹாஸ்கெல். "நீங்க ராஜாவைத் தொறந்து வச்சிருக்கீங்க. இவரு வெறும் பன்னெண்டோட, வேற சீட்டு கேக்காம நிக்கிறாரு. புத்தியுள்ளவன் எவனாவது நிப்பானா? கவுத்து வச்சது ஆறு, ராஜாவோட சேந்து பதினாறு, நீங்க இன்னொண்ணு எடுத்துத் தாண்டிடுவீங்கன்னு தெரிஞ்சாத்தான் நிப்பான். ஒரு தடவை இல்ல, நாப்பது தடவை. உங்க சீட்டு இவருக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படின்னுதான் எனக்குத் தெரியணும்."

லவோனுக்குச் சுருக்கென்றது. திருட்டுக் குற்றம் சாட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"என் சீட்டா? மேடம், இருபத்திரண்டு வருஷம்! என் சீட்டைப் பாத்த கண்ணு இன்னும் பொறக்கல. இந்த ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"மூலை கீலை தூக்கியிருக்காதே?"

"தூக்கவே தூக்காது. எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

ஹாஸ்கெல் தாளை நீட்டினாள். லவோன் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை, போட்டுவிட்டாள். தவளை தன் வாயால் கெட்டது.

"நல்லது," என்று தாளை எடுத்து வைத்தாள் ஹாஸ்கெல். "அப்போ ரெண்டே வழிதான் பாக்கி. ஒண்ணு, இவரு காதுல இருந்தது கருவி. எவனோ ஒளிஞ்சு பாத்து இவருக்குச் சொல்லியிருக்கான். இந்த மாநிலத்துல அப்படிக் கருவியோட மேசையில உக்காந்தாலே ஜெயில். இல்லேன்னா நீங்களே வேணும்னு காட்டிக் குடுத்திருக்கீங்க. அப்போ ரெண்டு பேருக்கும் ஜெயில்."

"தானா... தெரியாத்தனமா தெரிஞ்சிருந்தா?"

"அது குத்தமே இல்லம்மா. போடுறவங்க அசட்டையா போட்டா, எதிர்ல இருக்கிறவன் கண்ணை மூடிக்கணும்னு சட்டம் இல்ல. மனசுக்குள்ள எண்ணலாம், எதிர்ல தெரியறதைப் பாக்கலாம். கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா அது நடக்கவே இல்லேன்னுதான் இப்போ நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களே."

ஆர்விலுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. லவோனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, செவிடருக்கே உரிய உரத்த குரலில் கத்தினார். "ஏம்மா, அவங்ககிட்ட நீயே சொல்லேன்! நீதானே காமிச்சே! சொருகும்போது மூலை தூக்குது. நான் என்ன பண்ணுவேன்? காதுதான் செத்துப்போச்சு, கண்ணாவது வேலை பாக்க வேண்டாமா?"

"கேட்டீங்களா மேடம்," என்றான் பிரெண்ட். "நீதானே காமிச்சேங்கிறார். கூட்டுக் களவாணிங்க."

கிழவர் சொன்னது நிஜம் என்று லவோனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸிலிருந்து அவளுடைய வலது கட்டைவிரல் அவள் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு மணி நேரம் வீசினால் மரத்துப்போகும், பிறகு நடுங்கும். வீட்டில் காப்பிக் கோப்பையை இடது கையில் பிடிக்கப் பழகியிருந்தாள். வேலையில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். கேமராவும் உதவியது, மேலேயிருந்து பார்த்தால் சீட்டின் முதுகுதானே தெரியும். விரல் நடுங்குவது அவளுக்குத் தெரியும், ஆனால் அதனால் சீட்டு எதிராளி கண்ணில் படுகிறது என்று நம்ப அவள் ஒருநாளும் ஒப்பவில்லை.

மறைத்ததற்குக் காரணம் டெல்மர். அவள் கணவனுக்குக் குடலில் புற்றுநோய். பன்னிரண்டு தவணை மருந்து ஏற்ற வேண்டும், ஐந்து ஆகியிருந்தது. அந்த மருந்து அத்தனையும் லவோனின் வேலையோடு வரும் காப்பீட்டில். கை போனால் வேலை போகும், வேலை போனால் மருந்து நிற்கும். இதற்கு நடுவில் வேறு கதவு எதுவும் இல்லை.

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? அரை நிமிஷம், வாயை மூடிக்கொண்டு கிழவரை ஜெயிலுக்கு அனுப்பிவிடத்தான் நினைத்தாள். கூனனுக்கு எழுபத்தெட்டு வயது, டெல்மருக்கு ஐம்பத்தாறு என்றுகூடக் கணக்குப் போட்டது மனம். கிழவரோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சொல்லிவிடுவாள், விலங்கைக் கழற்றிவிடுவார்கள் என்று சிறுபிள்ளை போல நம்பினார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"மேடம், என் கை சரியில்ல," என்றாள். விரல், நடுக்கம், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் கொட்டினாள்.

பிரெண்ட் சிரித்துவிட்டான். "அஞ்சு நிமிஷம் முன்னாடி தூக்கவே தூக்காதுன்னு கையெழுத்து. மாட்டிக்கிட்டதும் கை சரியில்லையா? நல்லா இருக்கு லவோன்."

"வாயால சொன்னா போதாது," என்றாள் ஹாஸ்கெல். "போட்டுக் காமிங்க."

ஆட்டக்கூடத்தின் மூலையில் மூடிக்கிடந்த மேசையைத் திறந்தார்கள். ஆர்விலின் விலங்கைக் கழற்றி அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார வைத்தார்கள். காது மிஷினை மட்டும் கொடுக்கவில்லை. ஹாஸ்கெல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தலையை அவர் தலை உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டாள். சீட்டுத் தெரிந்தால் சொல்லும்படி அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

லவோன் வீசினாள். கவிழ்த்த சீட்டு வெண்ணெயில் கத்தி போல அடியில் போய்ப் படுத்தது. மறுபடி வீசினாள். மறுபடியும் அப்படியே. பத்து ஆட்டம், இருபது ஆட்டம். பயத்தில் அந்தப் பாழாய்ப்போன கை, கற்றுக்கொண்ட வித்தை அத்தனையும் காட்டியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு சுத்தமாகப் போட்டதே இல்லை.

ஆர்வில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தெரியலியேம்மா. என்னம்மா இன்னிக்கு?"

நடுங்கித் தொலையேன் சனியனே என்று விரலைத் திட்டினாள் லவோன். முப்பதாவது ஆட்டத்தில் பொறுக்க முடியாமல் தானே மூலையை இலேசாக நிமிர்த்தினாள்.

"நிறுத்துங்க," என்றாள் ஹாஸ்கெல். "இது வேணும்னு தூக்குனது. நான் குருடி இல்ல. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, இதுதான் கூட்டுக்கு அத்தாட்சின்னு எழுதிடுவேன்."

"மேடம், கை களைச்சாதான் வரும். ரெண்டு மணி நேரம் குடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"இவங்க நடிப்புக்கு நாம மேசை போட்டுத் தரணுமா?" என்றான் பிரெண்ட்.

ஹாஸ்கெல் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து வான்கோழி சாண்ட்விச்சை எடுத்து, பாதியைப் பிய்த்து ஆர்விலிடம் கொடுத்தாள். "எனக்கு வேற வேலை மூணு மணிக்குத்தான். போடுங்கம்மா."

லவோன் போட்டாள். உலகத்தில் எவளும் இப்படித் தன் கை கெடட்டும் என்று வேண்டிக்கொண்டு உழைத்திருக்க மாட்டாள். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. தோள் எரிந்தது. ஒன்றே முக்காலுக்கு விரல் நுனி மரத்தது.

"கிளாவர் ஏழு!" என்று கத்தினார் ஆர்வில்.

ஹாஸ்கெல் கையை நீட்டிப் புரட்டினாள். கிளாவர் ஏழு.

"டைமன் ராணி! அடுத்தது ஸ்பேடு மூணு!" கிழவர் உற்சாகமாகிவிட்டார். ஏழு ஆட்டத்தில் ஆறைச் சரியாகச் சொன்னார். கடைசி இரண்டையும் ஹாஸ்கெலே தன் கண்ணால் பார்த்தாள். லவோனின் கட்டைவிரல் மேசைத் துணியில் தட்டித் தட்டி ஆடியது. அதை நடிக்க யாராலும் முடியாது.

"போதும்," என்று எழுதத் தொடங்கினாள் ஹாஸ்கெல். "கருவி இல்ல, கூட்டும் இல்ல. மாநிலத்துக்கு இங்க ஒரு குத்தமும் இல்ல." பையிலிருந்த மிஷினை எடுத்து அவளே ஆர்விலிடம் கொடுத்தாள்.

பிரெண்ட் லவோனிடம் கையை நீட்டினான். குரலில் இப்போது கேலி இல்லை. "வேலை அட்டையைக் குடுங்க லவோன். இந்தக் கையோட உங்களை மேசையில விட முடியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். வெள்ளிக்கிழமை ஆறாவது தவணை. அதற்கு மட்டும் காப்பீடு இருக்கலாம், அதற்கப்புறம் இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் டெல்மரிடம் அதைச் சொல்ல வேண்டும். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். சீட்டுக் கட்டை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

ஆர்வில் மிஷினைக் காதில் பொருத்திக்கொண்டு, பிரெண்ட் சொன்னது கேட்டு, அவள் முகத்தைப் பார்த்தார். "அய்யோ, வேலை போச்சாம்மா? நீ தெரிஞ்சுதான் காமிக்கிறேன்னு நெனச்சேம்மா. கெழவன் பாவம்னு."

"ஒரே ஒரு ஆட்டம்," என்றாள் லவோன்.

"எதுக்கு லவோன்? முடிஞ்சுபோச்சு," என்றான் பிரெண்ட்.

"ஒண்ணே ஒண்ணு."

யாரும் தடுக்கவில்லை. ஆர்விலுக்கு இரண்டு சீட்டு வீசினாள். தனக்கு ஒன்றைத் திறந்து வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, கவிழ்த்த சீட்டை மெல்ல அடியில் தள்ளினாள். பிறகு கிழவரை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆர்வில் சீட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மோவாயைச் சொறிந்துகொண்டார்.

"தெரியலம்மா," என்றார். "ஒண்ணுமே தெரியல."

பக்கத்தில் இருந்த ஹாஸ்கெல் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். இந்த முறை மூலை லவோனுக்கே தெரியும் அளவுக்குத் தூக்கியிருந்தது. ஆர்ட்டின் ஒன்பது.