டைல்ஸ் கடையில் எடுத்த டிக்கட்டுகள்

குவைத்தில் ஸாதியாவின் வீட்டு வேலைக் காலம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரி பாஸ்போட்டைக் கொடுத்தாள், ஊர் திரும்ப டிக்கட் கொடுக்கவில்லை. மாதக் கடைசிக்குள் கிளம்பாவிட்டால் ஏஜென்சிக்காரன் வந்து வேறொரு வீட்டுக்கு ஏற்றிப் போவான். எந்த வீடு, எத்தனை வருடம் என்றெல்லாம் அவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

இலங்கையில், ஏறாவூரில் இருந்த அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் அஸ்கரிடம் பணம் இல்லை. அவளை அனுப்ப வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. பிஸ்கட் கம்பனியில் விற்பனை மேற்பார்வையாளன் என்பதால் ஒரு கிரடிட் கார்ட் இருந்தது. அதில் நூறு ரூபாய் செலவுக்கு ஒரு பரிசுப் புள்ளி. பயண டிக்கட் என்றால் ஐந்து. முப்பத்தெட்டாயிரம் புள்ளி சேர்ந்தால் குவைத்திலிருந்து கொழும்புக்கு ஒரு டிக்கட் எடுக்கலாம்.

தெருவில் ஐந்து பேர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக இருந்தார்கள். கையில் முழுப் பணம் இல்லை, வந்து தருகிறோம் என்றார்கள். அஸ்கர் தன் கார்டில் எடுத்துக் கொடுத்தான். எட்டு லட்சம். கார்டில் அதற்குமேல் எடுக்க முடியாது. ஆனால் நாற்பதாயிரம் புள்ளி வரும். ஸாதியாவிடம் சொன்னான். அவள் பெட்டி அடுக்கத் தொடங்கினாள்.

டிக்கட் போட்டுக் கொடுத்த பயண முகவர் கச்சி முகம்மதுவின் கார்ட் மெசின் பழுது. வழக்கம்போல பக்கத்து மீராசாஹிபின் டைல்ஸ் கடைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்த மெசினில் இழுத்தார். மெசின் தந்த துண்டில் தொகை சரியா என்று மட்டும் அஸ்கர் பார்த்தான். மீராசாஹிப் தேத்தண்ணி கொடுத்தார்.

மாதக் கணக்கு வந்தபோது எட்டாயிரம் புள்ளிதான் இருந்தது. வங்கிக்கு அழைத்தான்.

"சேர், நீங்க டைல்ஸ் வாங்கியிருக்கீங்க. அதுக்கு நூறுக்கு ஒண்டுதான்," என்றாள் அங்கிருந்த பெண்.

"டிக்கட் மிஸ். அஞ்சு பேர் பறந்து போய்ட்டாங்க."

"மெசின் எந்தக் கடைக்குக் குடுத்ததோ, அந்தக் கடைக் கணக்குத்தான் சேர். என்ன வாங்கினீங்க எண்டு எங்களுக்குத் தெரியாது."

கச்சி முகம்மதுவிடம் ஓடினான்.

"இத ரத்துப் பண்ணிட்டு, ஒங்கட மெசினத் திருத்தி அதுல இழுக்க ஏலாதா மாமா?"

"காசு எயார்லைனுக்குப் போயிட்டு. ஆக்கள் மக்கால இரிக்காங்க. எத மகன் ரத்துப் பண்ற? ஒங்கட வாப்பா பொயின்ட்ஸ் பாத்தா ஹஜ்ஜுக்குப் போனாரு?"

மீராசாஹிப் தன் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "டைல்ஸ் வேணுமெண்டா வெல கொறச்சித் தாறன் தம்பி," என்றார்.

நான்கு வீடுகளில் கடன் கேட்டான். கிடைக்கவில்லை. பிறகு வாவிக்கரையில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி ஸாதியாவுக்கு அழைத்தான். உம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தது.

நடந்ததைச் சொன்னான். அவள் அழவில்லை.

"அந்த எட்டாயிரத்துக்கு என்ன தருவாங்க காக்கா?"

"இஸ்திரிப் பெட்டி."

"மூணு வருசமா பதினொரு பேர்ட உடுப்புக்கு இஸ்திரி போட்டிரிக்கன். அத மட்டும் எடுத்துராதீங்க."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"நான் வாறன் எண்டு உம்மாக்குச் செல்லிட்டீங்களா?"

"ஓம்."

"அப்ப இல்லண்டும் நீங்களே செல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

அவன் சொல்லவில்லை. மாதக் கடைசிக்குப் பிறகு ஸாதியாவின் எண் வேலை செய்யவில்லை. குவைத் ஏஜென்சிக்காரன் இரண்டு முறை போனை எடுத்தான். இரண்டு முறையும் அவள் பெயரைக் கேட்டதும் துண்டித்தான்.

உம்ராவுக்குப் போனவர்கள் அடுத்த வாரம் திரும்பினார்கள். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்து, சொன்னபடி பணத்தையும் தந்தார்கள். அஸ்கர் அன்றே வங்கியில் கட்டினான். கார்டில் கடன் தீர்ந்து மறுபடி எட்டு லட்சத்துக்கு இடம் வந்தது. இனி புள்ளியே தேவையில்லை, அதிலேயே ஸாதியாவுக்கு டிக்கட் எடுக்கலாம். அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.