மாலை இல்லாத படம்

குற்றாலிங்கத்தின் படத்தை ஜோதிலட்சுமிதான் கொடுத்தாள்.

கொலை நடந்த மறுநாள் காலை. குற்றாலத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற குற்றாலிங்கத்தை, குடித்துவிட்டு வந்த இரண்டு பேர் குத்திப் போட்டுவிட்டார்கள். கடை வாசலை அடைத்துக் காரை நிறுத்தாதீர்கள் என்று அவர் சொன்னதுதான் காரணம். தென்காசி முழுக்க அதே பேச்சாக இருந்தது. யூடியூபில் உள்ளூர்ச் செய்தி போடும் சாம், அவள் வேலை பார்க்கிற மசூது அண்ணாச்சியின் ஃபிளக்ஸ் பேனர் கடைக்குள் வந்து ஜோதியின் மேசையருகே நின்றான்.

"ஏட்டி ஜோதி, அந்தப் பழக்கடைக்காரரு போட்டோ உங்ககிட்ட இருக்கும்லா? அவங்க கோயில் கொடை பேனர்லாம் இங்கனதான அடிச்சாவ?"

இருந்தது. வைகாசிக் கொடைத் திருவிழாவில் அவர் சாமியாடி நின்ற படம். கழுத்து நிறையப் பிச்சிப்பூ மாலை, மார்பில் சந்தனம், பின்னால் சுடலைமாடன் பீடம், பக்கத்தில் திருநீற்றுத் தட்டோடு அவருடைய மகள். உயர்த்திய வலது கையில் சாமியின் அருவாள்.

"மூஞ்சி மட்டும் பெருசா வேணும். சீக்கிரம் தா, மத்தவன் போட்டுருவான்."

ஜோதி சதுரமாக வெட்டினாள். மகள் போனாள், பீடம் போயிற்று, மாலை போயிற்று. அருவாள் மட்டும் முகத்தை ஒட்டி நின்றது. அதை அழிப்பது அவளுக்குப் பெரிய வேலையில்லை. கல்யாணப் படங்களில் மின்கம்பத்தையே அழிக்கிறவள். ஆனால் அருவாளோடு படம் எடுப்பாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் வீடியோ வந்தது. 'யார் இந்தக் குற்றாலிங்கம்?' என்று தலைப்பு. கார் நிறுத்துமிடக் குத்தகைத் தகராறில் ஒருவன் மண்டையை உடைத்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தவர் என்று சாம் சொல்லிக்கொண்டே போனான். பொய்யில்லை. நடந்து பன்னிரண்டு வருடம் ஆயிற்று என்பதை மட்டும் வேகமாகச் சொன்னான். குத்தியவர்களுக்குக் கடைசியில் ஒரு வரி கிடைத்தது. கீழே கருத்துகள் குவிந்தன. 'ஊருக்கு ஒரு பாரம் குறைஞ்சுது' என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கைதட்டல்கள்.

சடங்கு வீட்டுப் பேனர் வாங்க வந்த இரண்டு பேர் கடையிலேயே உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தார்கள்.

"ஜெயில்ல களி தின்னவன்தாம்லே. சும்மாவா குத்துவான்?"

"அது எப்பமோ உள்ளதுல்லா. அதுக்கப்புறம் பழம்தான வித்தாரு."

"பழம் விக்கவனுக்கு இம்புட்டு பெரிய அருவா எதுக்கு? பலாப்பழம் வெட்டவா?"

சிரித்தார்கள். அது கோயில் படம் என்று சொல்ல ஜோதிக்கு வாய் வரை வந்தது. பி.எஸ்சி. வாய்மொழித் தேர்விலேயே தெரிந்த விடையைச் சொல்லாமல் நின்றவள் அவள். மவுஸைப் பார்த்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் விசேஷம் நெருங்கும்போது குற்றாலிங்கத்தின் மனைவி ஆனந்தவள்ளி கடைக்கு வந்தாள். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும்.

"வீட்டுல வேற நல்ல படம் இல்ல தாயி. கொடைல எடுத்ததையே போடு. அருவாள மட்டும் அழிச்சிரு."

"சாமி அருவால்லாக்கா அது?"

"சாமிக்குத் தெரியும். ஊருக்குத் தெரியலயே. பக்கத்துல சிப்ஸ் போடுத பாண்டிராஜ் அண்ணன்தான் குத்தினதைப் பாத்த ஒரே ஆளு. சாட்சி சொல்லுதேன்னு நின்னாரு. அந்த வீடியோ வந்த பெறவு, நான் ஒண்ணையும் பாக்கலங்காரு. அவரு சொல்லலைன்னா அந்தப் பயலுவ வெளிய வந்துருவானுவ."

ஜோதி கோப்பைத் திறந்தாள். முழுப் படமும் வெட்டிய படமும் திரையில் அடுத்தடுத்து வந்து நின்றன.

"இது இங்கனயா இருக்கு?" என்று வெட்டிய படத்தைக் காட்டிக் கேட்டாள் ஆனந்தவள்ளி.

மசூது அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அது வாட்ஸப்ல எல்லாருட்டயும் கிடக்க படம்மா."

அந்த ஒரு வார்த்தை போதும், அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஜோதி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நான்தாங்க்கா வெட்டினேன்."

ஆனந்தவள்ளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம்புள்ளய வெட்டிருக்க. மாலைய வெட்டிருக்க. இத மட்டும் ஏன் விட்டுவச்ச?"

"படம் நல்லா இருந்திச்சு."

ஆனந்தவள்ளியின் விரல் முழுப் படத்துக்கு நகர்ந்தது.

"அருவா இருக்கட்டும்," என்றாள் ஆனந்தவள்ளி. "மாலை, பீடத்தோட முழுசா அடி. நீயே வந்து பாண்டிராஜ் அண்ணன்ட்ட காட்டு."

குற்றாலத்தில் சாரல் அடித்தது. மூடிக் கிடந்த பழக்கடைக்குப் பக்கத்தில் பாண்டிராஜ் நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தார். படத்தை வெட்டிக் கொடுத்தது தான்தான் என்று, பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்ததை ஜோதி சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டு, பேனரை விரித்துக் காட்டினாள்.

"இது எனக்குத் தெரியாதா பிள்ள? அந்தக் கொடைக்கு மேளம் பேசிவிட்டதே நான்தான்."

"அப்பம் ஏன் அண்ணாச்சி...?"

"எனக்கும் சின்ன வயசுல ஒரு கேஸ் உண்டு. ஊரு மறந்துட்டு. நான் கோர்ட்டுல ஏறினா மறுநா எம்படம் வரும். எங்கடை திறப்புவிழா பேனரும் உங்ககிட்டதான அடிச்சேன்?"

ஆமாம். கத்தியும் கையுமாக வாழைக்காயோடு சிரிக்கிற படம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"எவனாவது வந்து கேட்டா கொடுப்பியா?"

"மாட்டேன்."

"குற்றாலிங்கம் படத்தக் கொடுக்கதுக்கு முன்னால கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்ப," என்று எண்ணெய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட வந்திருந்த ஆனந்தவள்ளி பேனரின் ஒரு முனையைப் பிடிக்க, ஜோதி மறுமுனையை மூடிய கடையின் கம்பியில் கட்டினாள். நனைந்த கயிறு வழுக்கியது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த நாலைந்து பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"அந்த ரவுடிதானடே இது? இங்கயும் அருவாளோடதான் நிக்கான்."

ஜோதி என்னவோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பி நின்று மறுபடி சொன்னாள்.

"அது சாமி அருவா. நீங்க பாத்த படத்துல மாலைய வெட்டினது நான்."

அவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பின்னால் பாண்டிராஜின் கரண்டி நின்றது. பிறகு அடுத்த காய் எண்ணெயில் விழுந்தது.