கூடாரப் புள்ளி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தவள், வரைபடத்தைப் பார்த்து முழித்தாள். கூடாரம் போடும் இடத்துக்கான புள்ளி நகர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவள் அதை இரண்டாவது ஓடைக் கரையில் வைத்திருந்தாள். இப்போது முதல் ஓடைக்கும் கீழே, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மூன்றே கிலோமீட்டரில் அது சொகுசாக உட்கார்ந்திருந்தது.

முதலில் தன் கண்மீதுதான் சந்தேகப்பட்டாள். வாரத்தில் ஆறு நாள் குடிநீர் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற பிழைப்பு. ஏழாவது நாள் கண் மங்காமல் என்ன செய்யும்? அடுத்து மென்பொருளைச் சந்தேகப்பட்டாள். அது பாவம், சொன்னதை மட்டும் செய்கிற ஜென்மம்.

வருஷத்தில் நான்கு நாள் அவளும் கணவரும் சேர்ந்து விடுப்பு எடுத்து, ஆள் நடமாட்டமில்லாத மலைக்காட்டில் நடந்துவிட்டு வருவார்கள். பதினோரு வருஷப் பழக்கம். இருவரும் திறக்கக்கூடிய இணைய வரைபடத்தில் பாதையை வரைவது அவள் வேலை. நேரம் குறிப்பது அவர் வேலை. பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி சார்ட் போடுகிறவர் என்பதால் அவளுடைய தங்கை அவருக்கு வைத்த பெயர் டெப்போக்காரர். மலையையும் மனிதர் விடமாட்டார். 'முதல் ஓடை 7.45, பத்து நிமிடம் நிறுத்தம்' என்று எழுதுவார். ஓடையில் யார் ஏறப்போகிறார்கள் என்று கேட்டால் முறைப்பார்.

இந்த வருஷம் அவள் முப்பத்தெட்டு கிலோமீட்டருக்குக் கோடு போட்டாள். போட்ட மறுநாளே, செங்குத்துச் சரிவில் நெருக்கியடித்து நின்ற பழுப்பு உயரக்கோடுகளைப் பார்த்ததும் இது தனக்கு ஆகாது என்று புரிந்துவிட்டது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதையும் வேண்டாமென்றால் அப்புறம் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பயம். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்திலிருந்தே புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தாள். ஒன்றரை கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். டெப்போக்காரர் கடைசி வாரத்தில்தான் வரைபடத்தைத் திறப்பார் என்ற தைரியம்.

மாற்றங்களின் பட்டியல் என்று ஓரத்தில் ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. தொட்டாள். யார், எப்போது, எவ்வளவு மாற்றினார்கள் என்று புட்டுப்புட்டு வைத்தது. அவளுடைய திருட்டுத்தனமெல்லாம் மதியம் ஒன்றரைக்கு. இன்னொருவருடையது காலை பதினொன்று நாற்பதுக்கு, டெப்போவில் டீ வரும் நேரத்துக்கு. ஒரே ரொட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் எலி கடித்த மாதிரி, போக வர முப்பத்தெட்டு இருந்தது மூன்றே வாரத்தில் ஆறாகியிருந்தது.

டெப்போக்காரர் சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தார்.

"என்னங்க, கூடாரத்தைக் கீழ இறக்குனது நீங்களா?"

"எந்தக் கூடாரம்?"

"மழுப்பாதீங்க. நேத்து பதினொன்னு நாப்பது. பேரோட இருக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கால் முடியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சும்மா. நீ வேற ஆசையா கோடு போட்டிருந்த."

"நான் எங்க ஆசையா போட்டேன்? நீங்க ஆசைப்படுவீங்களேன்னு போட்டேன். நானும்தான் அப்பப்ப வெட்டிக்கிட்டு இருந்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து சிரித்து எத்தனை நாளாகிறதென்று அவளுக்கு நினைவில்லை.

"அப்ப விட்டுத்தள்ளு. நாலு நாளும் வீட்லயே கிடப்போம்," என்றார் அவர். அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. பாதையை அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று மென்பொருள் கேட்டது.

கை நின்றுவிட்டது. நான்கு நாள். இந்த சோபா, அந்த நாற்காலி. முதல் நாளைத் தூங்கித் தீர்க்கலாம். அப்புறம்? அவள் ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் பேசுகிறாள், அவர் நாற்பது டிரைவர்களிடம் மல்லுக்கட்டுகிறார். வீடு வந்து சேரும்போது இரண்டு பேருக்கும் வாயில் சொல் மிஞ்சுவதில்லை. மலையில் இது தெரியாது. அவர் முன்னால், அவள் பின்னால். "பாத்து வா, கல்லு ஆடுது," என்றால் அரை நாளுக்குப் போதும்.

டெப்போக்காரர் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். "இன்னும் அழிக்கலையா?"

"ரெண்டாம் நாள் என்ன பேசுவோம்?" என்று கேட்டேவிட்டாள்.

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் அதே யோசனைதான்," என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். கூடாரப் புள்ளியைப் பிடித்து மேலே இழுத்தாள். முதல் ஓடை தாண்டியது. இரண்டாவது ஓடையும் தாண்டி, பழுப்புக் கோடுகளின் நெரிசலுக்குள் நுழைந்தது. முதன்முதலில் வைத்த பழைய இடத்துக்கு வந்ததும் கையை எடுத்தாள்.

டெப்போக்காரர் வலது முட்டியைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல போடு," என்றார்.