சிவப்புக்கும் அழுத்திய விரல்

பச்சை எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு எரிந்தால் விரலை எடுத்துவிட வேண்டும். தாய்வோ கையை அடக்க முடியாமல் சிவப்புக்கும் அழுத்தினான், நாற்பதில் பத்தொன்பது முறை.

இரட்டையர் தம்மை அடக்கிக்கொள்ளும் சுபாவத்தை ஆராய, இபாதான் நகரத்திலிருந்து ஒரு மருத்துவக் குழு, இரட்டையர் அதிகம் பிறக்கும் இக்போ ஓரா ஊருக்கு வந்திருந்தது. வெளியே மாமரத்தடியில், தாய்வோ கட்டிக்கொள்ள விரும்பிய பெண்ணின் தகப்பனார் ஒயெகுன்லே காத்திருந்தார். முன்கோபம் இவர்கள் ரத்தத்தில் இல்லை என்று தெரிந்தால்தான் மகளைக் கொடுப்பாராம். மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டும் தாய்வோ இதுவரை மூன்று பேரை அடித்திருக்கிறான். மூன்று முறையும் அடிபட்டவர் வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்டவன் அவனோடு பிறந்த இரட்டையன் கெஹின்டே. ஒரே கரு, ஒரே முகம், ஆனால் சாந்தசொரூபி. கோபம் ரத்தத்தில் இல்லை என்பதற்கு தாய்வோவுக்கு இருந்த ஒரே சாட்சி அவன்தான்.

கெஹின்டே சோதனை முடிந்து வந்தான்.

"எத்தனை தப்பு?"

"இருபத்தொண்ணு."

"விளையாடாதே அண்ணே."

"உன்னைவிட ரெண்டு கூட."

குழுவின் செவிலி குறுக்கிட்டாள். "இதை வச்சு யாரையும் கெட்டவன்னு சொல்ல முடியாது. ஒரே கரு, சுபாவம் கொஞ்சம் ஒத்துப்போகும், அவ்வளவுதான்."

"பெரியவர்கிட்ட மூச்சு விடாதே" என்று தாய்வோ கெஞ்சினான். கெஹின்டே நேரே மாமரத்தடிக்குப் போனான். தாய்வோ பின்னாலேயே ஓடினான்.

"பாபா, எனக்கும் இருக்கு. எனக்கும் கை பரபரக்கும்."

"அப்புறம் எப்படி நீ யாரையும் தொடலே?"

"அம்மா வயித்துலேர்ந்து முதல்ல வெளியே வந்தது இவன். உலகத்தைப் பாத்துட்டு வாடான்னு இவனை அனுப்பினது நானாம். அதனால நான்தான் மூத்தவன்னு ஊரே சொல்லுது. மூத்தவனே அடிச்சா, யார் போய் விழறது? கோபம் வந்தா நடக்க ஆரம்பிச்சிடுவேன். சில நாள் அடுத்த ஊர் எருவா வரைக்கும் நடந்திருக்கேன்."

'ஊர்சுற்றி' என்று அண்ணனைக் கேலி செய்ததெல்லாம் தாய்வோவுக்கு நினைவு வந்தது.

பெரியவர் எழுந்து நின்றார்.

"ஆக, ரத்தத்துல இருக்கு. இருந்தும் அடக்க முடியுது." தாய்வோ பக்கம் திரும்பினார். "இனிமே உன் தப்புக்கு யார் விழுவாங்க?"

"நான்தான், பாபா."

"அப்போ அந்த மூணு வீட்டுக்கும் போயிட்டு வா. அப்புறமா உங்க ஆளுங்களோட என் வீட்டுக்கு வா, கல்யாணம் பேசலாம்."

தாய்வோ அந்தப் புழுதியிலேயே அண்ணன் காலடியில் நீட்டிப் படுத்தான்.

"டேய், எழுந்திரு! சட்டை பூரா மண்ணு."

"சும்மா இரு அண்ணே. முப்பத்தொரு வருஷத்துக்கும் சேர்த்து விழறேன்." எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "முதல் வீடு எந்தத் தெருவுல? எனக்குத் தெரியாது, நீதானே போயிருக்கே."