கண்ணாடி பார்த்து வரைந்த முகம்

தீர்ந்துபோன வெள்ளைச் சாயத்தை வாங்கிக்கொண்டு ஓவியக்காரி கடையிலிருந்து திரும்பியபோது, வேலை அறைக்குள் குருவி நின்றுகொண்டிருந்தாள். குருவி அவள் கணவரின் மகள், பத்து வயது. தாயில்லாப் பிள்ளையாக இருந்தவளுக்கு எட்டு மாதத்துக்கு முன் நடந்த கல்யாணத்தில் கிடைத்த அம்மா இவள். பள்ளி விட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. முதுகில் பை புடைத்துக்கொண்டிருக்க, குருவி மேசைமேல் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட? உடம்பு சரியில்லையா?"

குருவி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஒன்றும் புதிதல்ல. இவள் என்ன கேட்டாலும் குருவி தலையைத்தான் ஆட்டுவாள், அதுவும் நல்ல நாளில்.

மேசைமேல் இருந்தது ருஷ்ய நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தின் கடைசிப் படம். முதல் பதினொன்றும், நெருப்பாக ஜொலிக்கும் பறவையிலிருந்து பேசும் ஓநாய் வரை, தகராறு செய்யாமல் முடிந்திருந்தன. பன்னிரண்டாவதுதான் உயிரை வாங்கியது. கொட்டும் பனியில் மாற்றாந்தாய் மகளைக் காட்டுக்கு விரட்டும் காட்சி. மரக்குடிசை, பூ செதுக்கிய ஜன்னல் சட்டம், வெள்ளைப்பட்டை மரங்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன. அந்தப் பொம்பளையின் முகம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் மேசையில் கண்ணாடியை நிறுத்தி, பத்து நாள் தன்னைத் தானே முறைத்து முறைத்து வரைந்தாள். படம் போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கூப்பிட்ட நேரத்துக்கு வந்து உட்காரும் முகம் அது ஒன்றுதானே. மூன்று மணிக்குப் பதிப்பகத்து ஆள் வருவார். பனிக்கு நாலு வெள்ளைப் புள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

"இது நீங்கதானே?" என்றாள் குருவி.

ஓவியக்காரி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நூல் மேலே ஏறிய இடது புருவம், உதட்டோரத்து மச்சம், எல்லாம் அச்சு அசலாக அவளேதான். புருவத்தைப் புருவமாகவும் மச்சத்தை மச்சமாகவும் பார்த்துப் பார்த்து வரைந்தவள், முழு முகமாக ஒரு தடவை பார்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, பனியில் கூடையோடு நின்ற சிறுமி. போன மாதம் தலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அதற்கு அசையாமல் நின்றவள் குருவி. இந்த வீட்டில் அவள் முதன்முதலாகச் சிரித்ததும் அன்றுதான்.

"கண்ணாடியைப் பாத்து வரைஞ்சேன் கண்ணு. சத்தியமா நான் கவனிக்கவே இல்ல."

"என்னை எப்ப அனுப்பப் போறீங்க?"

ஓவியக்காரி வாங்கிவந்த சாயத்தை மேசையில் வைத்தாள். "எங்க?"

"அத்தை வீட்டுக்கு. நேத்து சாயங்காலம் அப்பாகிட்ட சொன்னீங்கல்ல? கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

அப்பாதான் ஆரம்பித்தார் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த மனுஷருக்கு மறுத்துப் பேசவும் வராது. பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. மூன்று மணி என்றவர் இரண்டே முக்காலுக்கே வந்து நிற்கிறார். வேண்டாத நேரத்தில்தான் இவர்களுக்குச் சுறுசுறுப்பு பொத்துக்கொண்டு வரும்.

"ஆமா, நான்தான் சொன்னேன். உனக்கு என்னைப் பிடிக்கலன்னு நினைச்சேன். இங்க இருந்தா நீ இன்னும் வாடிப்போயிடுவியோன்னு பயந்துட்டேன். உன்கிட்டயே கேட்டிருக்கணும். தப்புதான்."

குருவி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ தப்பா வரைஞ்சிருக்கீங்க."

"என்னது?"

"அதைச் சொல்லும்போது நீங்க முறைக்கவே இல்ல. கதவிடுக்குல பாத்தேன். இப்படி இருந்தீங்க."

பையோடேயே முக்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள், கீழுதட்டைக் கடித்தாள், அழுகையை விழுங்குகிறவள்போல் கண்ணை அகல விரித்தாள். ஓவியக்காரி திகைத்துப்போனாள். பத்து நாளாக எதிரே உட்கார்ந்திருந்தும் அந்த முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை ஒரே ஒரு கணம் பார்த்து, அதை அப்படியே வைத்திருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் தைரியம் வரவில்லை.

மறுபடி ஹாரன். ஓவியக்காரி ஜன்னலைத் திறந்தாள்.

"இன்னைக்குப் படம் கிடையாதுங்க! நாளைக்கு வாங்க!"

"ஐயோ மேடம், ஆசிரியர் என்னைத் தொலைச்சிடுவாரு!"

"முதல்ல என்னைத்தான் தொலைப்பாரு. நீங்க கிளம்புங்க!"

ஜன்னலைச் சாத்திவிட்டு, புதுச் சாயத்தைப் பிதுக்கி, அகலத் தூரிகையால் மாற்றாந்தாயின் முகத்தை ஒரே இழுப்பில் மூடினாள். பத்து நாள் உழைப்பு பனிக்குள் போயிற்று. அது காய்வதற்குள் வேறு தாளையும் பென்சிலையும் எடுத்தாள்.

"அந்த மூஞ்சிய இன்னொரு தடவை காட்டு. பையைக் கழட்டி வெச்சுக்கோ, புக்கெல்லாம் கனக்கும்."

குருவி கழற்றவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த ஓவியக்காரியைப் பார்த்தே பேசினாள்.

"புக்கு இல்ல. என் துணி. நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிடலாம்னு இருந்தேன். பஸ் நிறுத்தத்துல பயமாயிடுச்சு, திரும்பி வந்துட்டேன்." பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "திரும்ப அலமாரியில வெச்சுக்கட்டுமா?"

ஓவியக்காரி பென்சிலைப் போட்டுவிட்டு வந்து, அந்தச் சின்னத் தோள்களிலிருந்து பையைத் தானே கழற்றினாள். அவளாலேயே அதை ஒரு கையால் தூக்க முடியவில்லை.