பௌர்ணமிச் சோற்று வரிசை

திருவண்ணாமலையில் ஒரு ஆள் தொலைந்துபோவது ரொம்பச் சுலபம். தாடியை வளர்த்து, காவியைக் கட்டி, கிரிவலப் பாதையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் போதும். பெற்ற தாயே காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். தேடி வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். உண்ணாமலை அப்படித் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் தருமன் கீழ்பென்னாத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றக் கிளம்பினவன் கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிட்டான். சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. உண்ணாமலை திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறவள். அதுவரை தினமும் பஸ்ஸில் போய் வந்தவள், செங்கம் சாலைப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து இங்கேயே தங்கிவிட்டாள். வெள்ளைக்காரர்கள் தியானத்துக்கு வந்து தங்கும் தெரு. "நீங்களும் தியானத்துக்குத்தானே மேடம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கல்லூரி விட்டு வந்து காபி போடும்போது மாடிப்படியில் செருப்பை உதறும் சத்தம் கேட்கும். தருமன் அப்படித்தான், மண் போக உதறாமல் வாசல் ஏறமாட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் படி காலியாக இருக்கும். வகுப்பில் சோழர் கால நிலவரியை நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு காவி நகரும். வாய் அதுபாட்டுக்கு வரியைச் சொல்லும், கண் அங்கே போய்விடும். செத்தவனின் ஆவியா, இருக்கிறவனின் நடமாட்டமா என்று தெரியாத பயம் இருக்கிறதே, அது பேயைவிடப் பொல்லாதது.

கொழுந்தன் மணிவேல் போன வாரம் வந்தான். "எத்தினி நாளைக்கு அண்ணி இப்டியே இருப்பீங்க? உயிரோட இருந்தா ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாரா? அண்ணனுக்குக் காரியம் பண்ணிடலாம்."

"இந்தப் பௌர்ணமி போவட்டும்," என்றாள். "அப்பவும் தெரியலன்னா நீ சொல்றபடியே செஞ்சிடலாம். பொட்டையும் அழிச்சிக்கறேன்."

பௌர்ணமிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுவார்கள். உண்ணாமலையும் கூட நின்று, வரிசையில் வருகிற முகங்களைத் துழாவுவாள். அன்று சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி. தட்டைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. எலுமிச்சைச் சோற்றை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் தாயே."

கை அடுத்த தட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் குரல் காதில் இறங்கியது. நிமிர்ந்தாள். சோறு வாங்கினவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனையும் காவி, அத்தனையும் முதுகு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்தான். என்ன படித்து என்ன? கட்டினவன் பேர் ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. அன்றைக்கும் வரமாட்டேன் என்றது.

"என்னங்க!" என்று அலறினாள். "ஏங்க, உங்களத்தாங்க!"

பாதையில் போன ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பினார்கள். பலூன் விற்கிறவன், பெண்டாட்டியோடு வந்தவன், தாடிச் சாமியார்கள், எல்லாரும்தான். கூப்பிட்டது நம் வீட்டுக்காரியோ என்கிற பழக்கம், காவி கட்டினாலும் போகுமா?

ஒரே ஒருவன் திரும்பவில்லை. நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான்.

அவள் குரல் தெரியாதவன் எல்லாம் திரும்பினான். தெரிந்தவன் ஒருத்தன்தான் திரும்பவில்லை.

"யாரு மேடம் அது?" பக்கத்தில் ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்த மாணவி அறிவுமதி கேட்டாள். "ஓடிப்போய்க் கூட்டியாரட்டுமா?"

"வேணாம்மா. நீ இந்தக் கரண்டியப் புடி."

ஓரமாகப் போய் மணிவேலுக்குப் போன் போட்டாள்.

"காரியம் வேணாம்பா. உங்கண்ணன் இருக்காரு."

"ஐயோ, எங்க அண்ணி? பேசினாரா?"

"கூப்புட்டேன். நின்னாரு. திரும்பல."

அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. அப்படித் தோன்றிவிட்டதே என்று பதறி, எலுமிச்சைச் சோறு ஒட்டிய கையாலேயே தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.