கையேட்டை முழுசாகப் படித்த பெண்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்ததில்லை. நான் வேலை பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருஷம் படித்துவிட்டுப் போக வெளிநாடுகளிலிருந்து மாணவர்கள் வருவார்கள். அவர்களுக்காக ஒரு கையேடு உண்டு, 'நடைமுறைத் தகவல்கள்' என்று பெயர். வங்கிக் கணக்கு திறப்பது எப்படி, ஜனவரியில் காது உறைந்துபோகாமல் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று அறுபது பக்கம். எழுதுவது நான்தான். அட்டையில் என் பெயர் கிடையாது, உள்ளேயும் கிடையாது. ஆனாலும் நான் ஓர் எழுத்தாளன் என்று என் மனைவியிடம் அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன். சரி, குப்பையை வெளியே வைத்துவிட்டு வா என்பாள்.

இந்தத் திங்கட்கிழமை என் மேலதிகாரி மார்லிஸ், முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருத்து, ஏன் திருத்துகிறோம் என்று ஒரு வரி குறிப்பும் எழுது என்றாள். அந்த ஒரு வரிதான் ஊதிப்போய் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "நவம்பர் மாதக் குளிர்காற்றில் சோளக்கதிர்கள் தலையசைத்து..." வேண்டாம். நவம்பரில் இங்கே ஏது சோளம்? எல்லாம் அறுத்து முடித்தாயிற்று.

இரண்டாம் முயற்சி: "தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்காக விடுதி புதன்கிழமை மதியம் பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். மாற்று ஏற்பாடு மாணவரின் பொறுப்பு."

இது கதையே இல்லை, கையேட்டின் இருபதாம் பக்கம். கழுதை, கை தானாக அங்கேதான் போகிறது. இருந்தாலும் இதையே வைத்துக்கொள்வோம். அந்த நான்கு நாளும் இந்த ஊரே அவரவர் வீட்டுக்குப் போய்விடும், வான்கோழி தின்னும், மாமனோடு அரசியல் பேசிச் சண்டை போடும். வீடு உலகத்தின் மறுகோடியில் இருக்கிறவள் எங்கே போவாள்? இந்தக் கதையின் தலைவலி அதுதான்.

3.

அவள் பெயர் ஐசாதா. கிர்கிஸ்தானில் நரின் என்கிற மலை ஊர்.

(முதல் வரைவில் அவளுக்குச் சோகமான கண்களை வைத்திருந்தேன். வெளியூர்ப் பெண் என்றால் எழுத்தாளன் கை சும்மா இருக்காது. நிஜத்தில் அவள் சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள், பிடிபட்டால் கட்டடம் அதிரச் சிரிப்பாள். சோகத்தை அடித்துவிட்டேன்.)

செப்டம்பரில் ஒருநாள் கையேட்டோடு என் அறைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து உண்டு என்று ஒரு பக்கம் சொல்கிறது, கிடையாது என்று இன்னொரு பக்கம் சொல்கிறது, எதை நம்புவது என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் இவள்தான். அந்த சந்தோஷத்தில், "எப்பவாச்சும் வீட்டுக்கு வாம்மா" என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், வரவேயில்லை.

ஏன் வரவில்லை? முப்பத்தொன்றாம் பக்கம். நான் பெருமையோடு எழுதிய வரி: "தேதியும் நேரமும் சொல்லாத அழைப்பு அழைப்பே அல்ல. அது வெறும் மரியாதை. நம்பிப் போய்விடாதீர்கள்."

அடுத்த தாளில் இன்னொரு முத்து: "இந்த வட்டாரத்து மக்கள் எதைக் கொடுத்தாலும் முதல் இரண்டு முறை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால்தான் சரி என்பார்கள். நீங்களும் அப்படியே செய்தால் நல்ல பெயர் கிடைக்கும்."

4.

வெர்னா ஸ்டோல்ட்ஸ் கிராமத்துச் சாலைகளில் தபால் கொண்டுபோகிறவள். சனிக்கிழமைகளில் எங்கள் மாணவர்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போய் வருவாள், சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் ஐசாதாவை இறக்கிவிடும்போது, "எப்பவாச்சும் வீட்டுப் பக்கம் வா கண்ணு" என்பாள். ஐசாதா சரி என்பாள், போகமாட்டாள்.

திங்கட்கிழமை வெர்னா தபால் உடுப்போடு நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். அவள் ஊரில் ஆட்டுக்கறிதான் விருந்து என்று கேள்விப்பட்டு, பன்றியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத இந்த வட்டாரத்தில் எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு தொடை வாங்கியிருக்கிறாளாம். மாடி அறையில் புதுப் போர்வை விரித்திருக்கிறாளாம்.

"தேதி சொல்லிக் கூப்பிட்டீங்களா?" என்றேன்.

"தேதி சொன்னா கழுத்தைப் புடிச்சு இழுக்குற மாதிரி ஆயிடாதா? அவளுக்கு வேற வேலை இருந்தா பாவம், எப்படி இல்லைன்னு சொல்லுவா?"

பக்கத்து அறையில் மார்லிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருத்து என்றது அப்போதுதான்.

நான் வெர்னாவுக்கு இரண்டு புத்தி சொல்லி அனுப்பினேன். ஒன்று, தேதி நேரத்தோடு கூப்பிடுங்கள். இரண்டு, தன்னார்வலர்களுக்கான துண்டுத்தாளில் இருப்பது: "வெளிநாட்டு மாணவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வற்புறுத்தாதீர்கள்."

(அந்தத் துண்டுத்தாளையும் எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.)

5.

இன்று புதன். விடுதியைப் பூட்டியாயிற்று. விடுமுறைக்கு எங்கே தங்கப்போகிறாய் என்று மார்லிஸ் போன வாரமே கேட்டபோது, இடம் இருக்கிறது என்றுதான் ஐசாதா சொல்லியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து நான் இந்தக் கதையின் மூன்றாம் பகுதியைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருக்கும்போது அவள் கதவருகே வந்து நின்றாள்.

"பன்னிரண்டாம் பக்கத்துல, கடைத்தெருவுல இருக்கிற துணி துவைக்கிற கடை ராத்திரி பகல் திறந்திருக்கும்னு எழுதியிருக்கீங்களே. தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கும் திறந்திருக்குமா?"

"கட்டாயம் திறந்திருக்கும்" என்றேன். நானே நேரில் போய் விசாரித்து எழுதிய தகவல். "வெதுவெதுன்னு நல்லா இருக்கும், உட்கார நாற்காலி எல்லாம் உண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அங்கே துவைக்கப் போகவில்லை, தங்கப் போகிறாள்.

(நீயே கூட்டிக்கொண்டு போயேன்யா என்கிறீர்கள். ஊழியர்கள் மாணவர்களைத் தங்கவைக்கக்கூடாது, விதி. தவிர, நான் அவளை ஏற்கெனவே அழைத்தாயிற்று. என் கணக்குப்படியே அது அழைப்பில்லை.)

உங்கள் ஊரில் இப்படி விடுவார்களா என்று கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருக்காமல்.

"எங்க ஊர்லயா? வாசலைத் தாண்டிப் போனாலே புடிச்சு நிறுத்தி, ஒரு துண்டு ரொட்டியாவது வாயில போட்டாத்தான் விடுவாங்க. முப்பது தடவை வேண்டாம்னாலும் விடமாட்டாங்க." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: "இங்க வேற மாதிரி. அதான் எழுதியிருக்கீங்களே."

வெர்னாவுக்குப் போன் போட்டேன். தேதி சொல்லிக் கூப்பிட அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லையாம். பாதி வழியில் வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

6.

இப்போது மூன்று பேரும் வாசல்பக்கத்தில் நிற்கிறோம். கதை எழுதுவதையும் நான் நிறுத்தவில்லை, அவமானம்.

வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றியா? இன்னைக்கே வந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் தங்கிக்கலாம்" என்றாள். தேதி, நேரம் எல்லாம் சரி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐசாதாவின் முகம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டு, "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம்" என்றாள்.

அடிப்பாவி. முப்பத்தொன்றுக்கு அடுத்த தாள், முதல் இரண்டு முறை வேண்டாம்.

வெர்னா என்னைப் பார்த்தாள். வற்புறுத்தக்கூடாது என்று நான்தானே சொன்னேன். ஆனாலும் மனசு கேட்காமல் இன்னொரு தடவை மெதுவாக, "மெய்யாவே சிரமம் இல்ல, கண்ணு. வாயேன்" என்றாள்.

"வேண்டாம், பரவாயில்ல" என்றாள் ஐசாதா, கண்ணெல்லாம் ஆசையோடு. மூன்றாவது தடவைக்காகப் பெட்டியின் கைப்பிடியைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

வெர்னா தலையாட்டினாள். மூக்கு சிவந்துவிட்டது. பையிலிருந்து கையுறையை எடுத்தாள்.

7.

முடிவுகள்.

அ) வெர்னா போய்விடுகிறாள். ஆட்டுத்தொடை உறைபெட்டியிலேயே கிடக்கிறது, ஐசாதா சுழலும் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருக்கிறாள். இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆ) ஐசாதா தன் ஊர்ப் பெண்ணாகவே மாறி வேனில் தாவி ஏறுகிறாள். நம்பமாட்டீர்கள். செப்டம்பரிலிருந்து அவள் ஒரு விதியையும் மீறியதில்லை, சீட்டாட்டம் தவிர. சீட்டாட்டத்தைப் பற்றி நான் எழுதவில்லை.

இ) நான் வாயைத் திறக்கிறேன். ரெண்டு பேரும் நான் எழுதினதை நம்பித்தான் இப்படி நிக்கிறீங்க, ரெண்டுமே தப்பு, நான் ஒரு மடையன் என்கிறேன். ஐந்து விநாடிகூட ஆகாத வேலை.

மூன்றாவதுதான் முடிவு, எனக்கே தெரிகிறது. ஆனால் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாசகி. அவள் முகத்துக்கு நேராக, என் புத்தகத்தை நம்பாதே என்று...

வெர்னா இடதுகைக் கையுறையைப் போட்டுவிட்டாள். வலதுகையை எடுக்கிறாள். ஐசாதா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். மூன்றாவது தடவை எங்கே, அடுத்த வரி எங்கே என்று கேட்கிற பார்வை. நான் சத்தியமாக வாயைத் திறந்துவிட்டேன், சத்தம்தான் இன்னும் வரவில்லை.

நீங்களும்தான் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்களே, அந்த மூன்றாவது தடவையை நீங்களே கேட்டுவிடுங்கள். கொஞ்சம் உரக்கக் கேளுங்கள், வேன் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.